அமைச்சர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதா கேள்வி?

நகரமைப்புத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. மலிவு வீடுகளைக் கட்டாயமாக்கும் விதி ஒன்று பொதுமக்கள் கருத்துக்கு வரும். பெரிய குடியிருப்பு கட்டும் எந்த பில்டரும் ஐந்தில் ஒரு பங்கு வீடுகளைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்க வேண்டும் என்பது போன்ற விதி. கொஞ்ச நேரத்தில் யாராவது எழுந்து, "இதைக் கொண்டுவருகிறவர் எங்கே குடியிருக்கிறார்? அவர் தெருவில் இப்படி ஒரு கட்டடம் வருமா?" என்று கேட்பார். கைதட்டல் கிளம்பும். அதற்கப்புறம் எத்தனை விழுக்காடு, எத்தனை ஆண்டுக்கு, யாருக்கு என்று கேட்க ஆள் இருக்காது.

அந்தக் கேள்வியே தப்பு என்று சொல்லவில்லை. சில சமயம் அதைத்தான் கேட்க வேண்டும். எந்தச் சமயம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

நியூயார்க்கில் 2025 மேயர் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த சோரான் மம்தானி, அஸ்டோரியா பகுதியில் மாதம் சுமார் 2,300 டாலர் வாடகையில் ஒரு வீட்டில் இருந்தார். வாடகையை எவ்வளவு ஏற்றலாம் என்று நகர வாரியம் ஒன்று வரம்பு கட்டும் வகை வீடு அது. வசதியான குடும்பத்துப் பிள்ளை ஏழைக்குப் போக வேண்டிய வீட்டைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று போட்டியாளர் ஆண்ட்ரூ குவோமோ கிளப்பினார். இந்த வீடுகளுக்கு வருமான வரம்பு வேண்டும் என்று ஒரு சட்ட யோசனையை முன்வைத்து, அதற்கு மம்தானியின் பெயரையே சூட்டினார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வகை வீட்டுக்கு வருமானச் சோதனையே கிடையாது. பாதுகாப்பு கட்டடத்தைப் பொறுத்தது, குடியிருப்பவருடைய வருமானத்தைப் பொறுத்தது அல்ல. ஏறக்குறைய பத்து லட்சம் வீடுகள் இப்படி இருக்கின்றன. ஒரு காலத்தில் மேல்வரம்பு ஒன்று இருந்தது: தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் குடும்ப வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டி, வாடகையும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால், உரிமையாளர் அந்த வீட்டைக் கட்டுப்பாட்டிலிருந்து எடுத்துவிடலாம். 2019 சட்டம் அதை நீக்கியது. அதில் கையெழுத்திட்ட ஆளுநர் யார்? இதே குவோமோ. மம்தானியின் சட்டமன்றச் சம்பளமோ ஆண்டுக்கு 1,42,000 டாலர். அந்தப் பழைய வரம்பையே தொடாத தொகை.

அதே நகரத்தில் வருமான வரம்பு உள்ள திட்டம் ஒன்றும் தனியாக இருக்கிறது. 2016இல் வந்த கட்டாய ஒதுக்கீடு. அதிக உயரம், அதிக பரப்பு கட்ட ஒரு பகுதிக்குப் புதிதாக அனுமதி கொடுத்தால், பதிலுக்கு 25 அல்லது 30 விழுக்காடு போல வீடுகளை மலிவாக ஒதுக்கியாக வேண்டும். யார் விண்ணப்பிக்கலாம் என்பது வருமானத்தைப் பொறுத்தது. இரண்டும் வேறு வேறு சட்டம், நோக்கமும் வேறு. தேர்தல் சூட்டில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிட்டார்கள்.

சரி, அப்படியானால் அரசியல்வாதியின் சொந்த வாழ்க்கை எப்போது முக்கியமாகிறது? அவர் தடுக்கப்போவதாகச் சொல்லும் காரியத்தையே அவர் செய்யும்போது. இங்கிலாந்தில் ருஷனாரா அலி வீடற்றோர் பிரச்சினைக்குப் பொறுப்பான துணை அமைச்சராக இருந்தார். வீட்டை விற்கப்போவதாகச் சொல்லி வாடகைக்காரரைக் காலி செய்ய வைத்தவர், குறிப்பிட்ட காலம்வரை அதை மறுபடி வாடகைக்கு விடக் கூடாது என்று அவருடைய அரசே மசோதா கொண்டுவந்திருந்தது. அந்த நேரத்தில், அவர் வாடகைக்கு விட்டிருந்த, விற்பனையைக் காரணம் காட்டி ஒப்பந்தம் நீட்டிக்கப்படாத வீடு, மாதம் 700 பவுண்டு கூடுதல் வாடகைக்கு விளம்பரத்தில் வந்தது. சட்டப்படி எல்லாம் சரியாகச் செய்ததாக அவர் சொன்னார். ஆனாலும் 2025 ஆகஸ்டில் பதவி விலகினார். அவர் எத்தனை அறை உள்ள வீட்டில் தூங்குகிறார் என்பது யாருக்கும் தேவையில்லை. இது மட்டும் கேட்க வேண்டிய விஷயம்.

பிரான்சில் நடந்ததை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகராட்சிகளில் 20 விழுக்காடு சமூகக் குடியிருப்புகள், அதாவது அரசு உதவியோடு குறைந்த வாடகைக்கு விடும் வீடுகள், இருக்க வேண்டும். 2013இல் பெரும்பாலான இடங்களுக்கு அது 25 ஆனது. எட்டாத நகராட்சி அபராதம் கட்ட வேண்டும். பாரிஸை ஒட்டிய பணக்கார ஊரான நுய்யி, இருபது ஆண்டுகளுக்கு அப்புறமும் பத்தைக்கூடத் தொடவில்லை. 1983 முதல் 2002 வரை அங்கே மேயராக இருந்தவர், பின்னால் நாட்டின் அதிபரான நிக்கோலா சர்கோசி. கட்ட நிலமே இல்லை என்பது ஊர்த் தரப்பு வாதம். சர்கோசியின் விலை உயர்ந்த கைக்கடிகாரத்தைப் பற்றி பத்திரிகைகள் எழுதித் தள்ளின. என்னைக் கேட்டால், அந்த இடத்தில் அந்த ஊரின் வீட்டுக் கணக்கைப் போட்டிருக்கலாம்.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் யாருடைய சொகுசு வாழ்க்கையும் காட்டிக்கொடுக்காத ஒரு ஓட்டை இருந்தது. ஒவ்வொரு ஊரும் தன் பங்குக்கு மலிவு வீடுகளுக்கு இடம் தர வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1975இல் சொன்னது, 1983இல் மறுபடி அழுத்திச் சொன்னது. 1985இல் சட்டம் வந்தது. அதில் ஒரு பிரிவு, ஓர் ஊர் தன் பொறுப்பில் பாதிவரை வேறோர் ஊருக்குப் பணம் கொடுத்துத் தள்ளிவிட அனுமதித்தது. வசதியான புறநகர்கள் பணம் கட்டின, வீடுகள் ஏற்கெனவே ஏழைகள் நிறைந்த நகரங்களுக்குப் போயின. 2008இல்தான் இது ஒழிந்தது.

ஆகவே உங்கள் ஊரில் இப்படி ஒரு வரைவு வந்தால், தலைவரின் வீட்டுப் படத்தைத் தேடும் நேரத்தில் பணம் கட்டித் தப்பும் பிரிவு இருக்கிறதா என்று தேடுங்கள். மலிவு என்பதை யாருடைய வருமானத்தை வைத்து அளக்கிறார்கள் என்றும் பாருங்கள். பக்கத்துப் பணக்காரப் பகுதியையும் சேர்த்து இடைநிலை வருமானம் (வரிசையில் நடுவில் இருப்பவரின் வருமானம்) கணக்கிட்டால், மலிவு வீடு என்ற பெயரில் வருவதுகூட உள்ளூர்க்காரருக்கு எட்டாது. ஒதுக்கீடு எத்தனை ஆண்டில் காலாவதியாகும் என்பது பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் கிடக்கும்.

எளிய பின்னணியும் இந்தக் கணக்கை மாற்றாது. லண்டன் மேயர் சாதிக் கான் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர், அதை மேடைகளில் சொல்லிக்கொள்பவர். 35 விழுக்காடு மலிவு வீடு தரும் திட்டத்துக்கு, செலவும் லாபமும் கட்டுபடியாகுமா என்ற நீண்ட ஆய்வு இல்லாமலே வேக அனுமதி என்று 2017இல் வழி வகுத்தார். வட்டியும் கட்டுமானச் செலவும் ஏறின, உயர்ந்த கட்டடங்களுக்கான பாதுகாப்பு ஒப்புதல் தாமதமானது, புதிதாகத் தொடங்கும் கட்டுமானப் பணிகள் சரிந்தன. 2025 அக்டோபரில் அந்த 35ஐத் தற்காலிகமாக 20 ஆக்கும் யோசனையை மத்திய அரசும் அதே மேயரும் சேர்ந்து அறிவித்தார்கள்.