பொன்னாடை போர்த்தினால் சாம்பிள் குளிராது

இந்த மாதமும் ஒன்று. கல்லூரிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் எம்.ஓ.யு. (புரிந்துணர்வு ஒப்பந்தம்) கையெழுத்தாகி, பொன்னாடை போர்த்தி, குழுப்படம் எடுத்து முடித்த கையோடு ஒரு மாணவர் தபால் உறையில் சாம்பிளோடு வந்து நிற்கிறார். கண்ணாடி ஸ்லைடின் மேல் செலோடேப், அதன் மேல் ஃபிலிம், ஓரத்தில் இரண்டு பொட்டு சில்வர் பேஸ்ட். "சார், 10 மில்லிகெல்வின்ல ரெசிஸ்டன்ஸ் மட்டும் பாத்துக் குடுங்க, நாளைக்குச் சாயங்காலம் திருச்சி பஸ்." 10 மில்லிகெல்வின் என்றால் தனிச்சுழி வெப்பநிலைக்கு நூறில் ஒரு டிகிரி மேலே, அவ்வளவுதான்.

மாணவரைக் குறை சொல்லி என்ன பயன்? அனுப்பி வைத்த கைடைத்தான் கேட்க வேண்டும்.

2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ரூ.6,003.65 கோடி ஒதுக்கி ஒப்புதல் தந்தது. அதன் நான்கு மையங்களில் குவாண்டம் தகவல்தொடர்புக்கானது இங்கே, ஐ.ஐ.டி. மெட்ராஸில், மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு அமைப்பான சி-டாட்டுடன் சேர்ந்து. அதற்கு முன்பே நானோ அளவிலான சாதனங்களைச் செய்ய ஐ.என்.யு.பி., அளவீடுகளுக்கு எஸ்.ஏ.ஐ.எஃப்., எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேட ஐ-ஸ்டெம் என்று பொதுப் பயன்பாட்டுக்கான வழிகள் உண்டு. கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே வருகிறவர்கள் தயாராக வருவதில்லை என்பதுதான் ஆதங்கம்.

எல்லோரும் தவறாகவே பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். "இரண்டு நாள் ஸ்லாட் போதும்" என்கிறார்கள். சாம்பிளை மில்லிகெல்வினுக்குக் குளிர்விக்கும் கருவியின் பெயரான டைல்யூஷன் ஃப்ரிட்ஜ் என்பதில் ஃப்ரிட்ஜ் என்ற சொல் இருக்கிறதே, அதுதான் வினை. கதவைத் திறந்து பாத்திரத்தை வைத்து மூடுகிற பெட்டி அல்ல அது. முதல் நாள் சாம்பிளைப் பொருத்தி, ஒவ்வொரு வயரையும் சோதித்து, ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் கவசங்களை வரிசையாகத் திருகி மூட வேண்டும். ராத்திரி முழுக்க பம்ப் ஓடும். பிறகு பல்ஸ் ட்யூப் என்ற முதல்கட்டக் குளிர்விப்பான் 4 கெல்வின் வரை இறக்க ஒன்றரை நாள், ஏற்றிய செம்பின் எடையைப் பொறுத்து அதற்கு மேலும் ஆகலாம். அப்புறம் ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையைத் திரவமாக்கிச் சுற்றவிட அரை நாள். நான்காம் நாள்தான் 10 மில்லிகெல்வினைப் பார்ப்பீர்கள். அளந்து முடித்ததும் அறை வெப்பத்துக்குத் திரும்ப இன்னும் ஒன்றிரண்டு நாள். அவசரப்பட்டுக் குளிராக இருக்கும்போதே திறந்தால் செம்புத் தட்டு, கனெக்டர், உங்கள் சாம்பிள் எல்லாவற்றின் மேலும் தண்ணீர் முத்து முத்தாகக் கோக்கும். ஆக, இரண்டு நாள் அளவீட்டுக்கு ஒரு முழு வாரம். சில கருவிகளில் சாம்பிளை மட்டும் தனியாக உள்ளே ஏற்றலாம். அங்கேயும் அரை நாளுக்குக் குறையாது.

குவாண்டம் கணினியை இணையம் வழியாகவே பயன்படுத்தும் கிளவுட் பழக்கமும் இந்த எண்ணத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2022-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஐ.பி.எம். குவாண்டம் நெட்வொர்க்கில் சேர்ந்தது. வீட்டில் உட்கார்ந்து ஒரு சர்க்யூட்டை அனுப்பினால் வரிசையில் நின்று விடை வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் அந்தச் சிப்பைக் குளிரவைத்து மாதக்கணக்கில் காத்து நிற்பவர்கள் வேறு யாரோ. இங்கே சாம்பிள் உங்களுடையது, அதன் குறைகளும் உங்களுடையவை.

அந்த நான்கு நாளும் எதனால் வீணாகின்றன? பெரும்பாலும் காண்டாக்ட் விட்டுப்போவதால். அறை வெப்பத்தில் மல்டிமீட்டரில் அழகாகக் காட்டிய எட்டு வயரில் ஐந்து, குளிரில் திறந்துகொள்ளும். சில்வர் பேஸ்ட் ஒரு அளவில் சுருங்குகிறது, கண்ணாடி ஒரு அளவில், ஃபிலிம் ஒரு அளவில்.

இதைக் கல்லூரியிலேயே கண்டுபிடிக்கலாம். 300 கெல்வினிலிருந்து 4 கெல்வினுக்குப் போகும் உலோகத்தின் மொத்தச் சுருக்கத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் 77 கெல்வினுக்குள்ளேயே முடிந்துவிடும். 77 கெல்வின் என்பது திரவ நைட்ரஜன். கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்டில் கேட்டால் ஒரு லிட்டர் கொடுப்பார்கள். சாம்பிளைச் சிப் கேரியரில் (மின் இணைப்புகள் உள்ள சிறு தாங்கி) வைத்து, மெல்லிய அலுமினியம் அல்லது தங்க வயரால் இணைத்து, ஒரு குச்சி நுனியில் கட்டி, தெர்மாஸ் வாயில் ஆவியில் பத்து நிமிடம் பிடியுங்கள். பிறகு மெல்ல முக்குங்கள். ஒவ்வொரு ஜோடி வயரின் மின்தடையையும் முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை முக்கி எடுத்தும் எல்லாம் நிற்கிறதா? வாருங்கள். நிற்கவில்லையா? மிச்சமானது ஒரு வாரம்.

வெளியே எடுக்கும்போது ஒன்று கவனம். சென்னைக் காற்றில் குளிர்ந்த சாம்பிளை அப்படியே தூக்கினால் நொடியில் பனி பூத்து, உருகி, காண்டாக்டுக்குள் நீர் இறங்கும். இன்னும் ஆவியில் இருக்கும்போதே ஜிப் கவரில் போட்டு மூடி, அறை வெப்பத்துக்கு வந்தபிறகு பிரியுங்கள். தெர்மாஸ் மூடியைத் திருகி இறுக்கவே கூடாது. ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் அது வெடிக்கும்.

சாம்பிள் 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர் இருந்தால் அநேகமாக எந்த ஹோல்டரிலும் உட்காரும். எதற்கும் முதலில் ஹோல்டர் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். கேரியரில் ஒட்ட, குளிரில் பயன்படும் ஜி.இ. வார்னிஷ் அல்லது அப்பீசான் என் கிரீஸ். செலோடேப், ஃபெவிக்விக் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். காந்தப்புலத்தில் அளக்கப் போகிறீர்கள் என்றால் கேரியரின் முலாமுக்கு அடியில் நிக்கல் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஜோசப்சன் சந்தி (இரண்டு மீகடத்திகளுக்கு நடுவே மெல்லிய ஆக்சைடு அடுக்கு) கொண்டுவருபவர்களுக்குத் தனியாக ஒரு திட்டு. மேலே மல்டிமீட்டர் என்று எழுதியது உங்களுக்கு அல்ல. அந்த ஆக்சைடு அடுக்கின் தடிமன் ஒன்றிரண்டு நானோமீட்டர். கைமீட்டர் ஓம் ரேஞ்சில் தள்ளும் மின்னோட்டமே அதைக் கொன்றுவிடும். 1 மெகாஓம் மின்தடையைத் தொடரில் போடுங்கள். 1 வோல்ட் கொடுத்தாலும் 1 மைக்ரோஆம்பியருக்கு மேல் போகாது. "மெட்ராஸ் புழுக்கத்தில் ஸ்டாட்டிக் எங்கே சார் வரும்" என்று கேட்காதீர்கள். வெளியேதான் புழுக்கம். லேபில் ஏ.சி. இரவும் பகலும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டுப் பட்டையை மாட்டுங்கள், ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக வெளியே எடுத்துத் தரும் பிரேக்-அவுட் பாக்ஸில் எல்லா ஸ்விட்சையும் கிரவுண்டில் வைத்துவிட்டுக் கேபிளைச் செருகுங்கள்.

இன்னொரு பிழை: தெர்மாமீட்டர் 10 மில்லிகெல்வின் காட்டுவதால் சாம்பிளும் அதே வெப்பத்தில் இருக்கிறது என்று எழுதிவிடுவது. 10 கிலோஓம் காண்டாக்டில் 1 மைக்ரோஆம்பியர் விட்டால் 10 நானோவாட். செம்புத் தட்டுக்கு அது கொசுக்கடி, சாம்பிளில் உள்ள எலக்ட்ரான்களுக்கோ அடுப்பு. நானோஆம்பியரில் தொடங்குங்கள்.

ஒளியியல் பக்கம் சுருக்கமாக. பச்சை ஃபைபர் கனெக்டர் 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேர்த்தலை. இரண்டையும் முகத்தோடு முகம் செருகினால் ஒளியும் வீணாகும், முனையும் கீறும். உங்கள் ஒற்றை ஃபோட்டான் எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று பிறகு டிடெக்டரைச் சந்தேகிப்பீர்கள். செருகும் ஒவ்வொரு முறையும் முனையைத் துடையுங்கள்.

இது உயிர் சம்பந்தப்பட்டது, வேகமாகப் படித்துத் தாண்டாதீர்கள். திரவ நைட்ரஜனை ஷேர் ஆட்டோவிலோ கண்ணாடி ஏற்றிய காரிலோ கொண்டுபோகக் கூடாது. ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். கார் உள்பக்கம் சுமார் 3,000 லிட்டர். ஒரு லிட்டர் கொட்டினாலே ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 17-க்குப் பக்கத்தில் வந்துவிடும். லேபில் 19.5-க்கே அலாரம் அடிக்கும். நைட்ரஜனுக்கு மணமில்லை, மூச்சு முட்டுகிற உணர்வும் வராது, நேரே மயக்கம்தான். லிஃப்டில் டியூவர் (திரவ நைட்ரஜன் குடுவை) தனியாகப் போகட்டும், வழியில் யாரும் ஏறாதபடி பார்த்துக்கொண்டு நீங்கள் படியேறுங்கள்.

கைடுகளிடமும் கொஞ்சம் பேச வேண்டும். எம்.ஓ.யு.வின் முன்பக்கத்தில் "பரஸ்பர ஒத்துழைப்பு" இருந்தால் போதாது, பின்னிணைப்பில் காசு இருக்க வேண்டும். ஹோல்டர் உடைந்தால் யார் கணக்கு, மூலத் தரவு எங்கே இருக்கும், கட்டுரையில் டெக்னீஷியன் பெயர் வருமா நன்றிக் குறிப்போடு சரியா, காப்புரிமை யாருக்கு என்பதையெல்லாம் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ப்ராஜெக்ட் ப்ரொபோசலில் கருவிக் கட்டணத்துக்குத் தனி வரி போடுங்கள், ஜி.எஸ்.டி.யையும் சேர்த்து. அதைப் போடாமல் விட்டுவிட்டு மார்ச் மாதம் யூ.சி. (நிதியைச் செலவிட்டதற்கான சான்றிதழ்) கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே வாரத்தில் ஸ்லாட் கேட்டால் ஃப்ரிட்ஜ் இரண்டாகப் பிளக்காது. நவம்பரிலேயே கேளுங்கள். மே மாதமும் வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் கம்ப்ரஸருக்குக் குளிர்நீர் தரும் சில்லர் ட்ரிப் ஆனால் கம்ப்ரஸர் நிற்கும், பின்னாலேயே நான்கு நாள் குளிர்ச்சியும் போகும்.

கடைசியாக, முடிந்ததும் உங்கள் சாம்பிளை எடுத்துக்கொண்டு போங்கள். பெயர், தேதி, என்ன பொருள் எதுவும் எழுதாத டப்பாக்கள் எங்கள் டெசிகேட்டரில் (ஈரம் படாமல் வைக்கும் பெட்டி) மூன்று தட்டு நிறைய இருக்கின்றன. இந்த மாதக் கடைசி வரை வைத்திருப்போம்.