பாக்டீரியா குரோமியத்தைத் தின்று தீர்ப்பதில்லை

தோல் ஆலைகள் நிறைந்த ராணிப்பேட்டைப் பக்கம் எந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனாலும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "சார், ஏதோ பாக்டீரியா பவுடர் வந்திருக்காமே, தொட்டியில கொட்டினா குரோமை எல்லாம் தின்னுடுமாமே?"

தின்னாது. சர்க்கரையையும் எண்ணெயையும் பாக்டீரியா உடைத்து, கரியமில வாயுவும் தண்ணீருமாக ஆக்கிவிடும். குரோமியம் தனிமம், அதில் உடைக்க எதுவும் இல்லை. 10 கிலோ உள்ளே வந்தால் அந்த 10 கிலோவும் தண்ணீரிலோ சேற்றிலோ இருந்தே தீரும்.

ஆனால் பாக்டீரியாவால் அதன் வடிவத்தை மாற்ற முடியும். அது சின்ன விஷயமில்லை. முலாம் பூசும் பட்டறைகளில் இருந்து வருவது குரோமியம்-6 என்ற வடிவம். தண்ணீரில் நன்றாகக் கரையும், உயிரணுக்குள் சுலபமாக நுழையும், புற்றுநோயும் தரும். பேசில்லஸ், சூடோமோனாஸ் இனங்களில் சில, அதற்கு எலக்ட்ரான்களைக் கொடுத்துக் குரோமியம்-3 ஆக்குகின்றன. பிறகு காரத்தன்மையைச் சற்றுக் கூட்டினால் அது பச்சைச் சேறாக அடியில் படிந்துவிடும். இந்த வேலைக்கு அவற்றுக்குத் தீனி வேண்டும். சர்க்கரை ஆலை மொலாசஸே போதும்.

துத்தநாகம், காரீயம், காட்மியம் போன்றவற்றுக்கு வேறு கூட்டம் இருக்கிறது. ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் அவை. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடும். அது உலோகத்தோடு சேர்ந்து, கரையாத சல்பைடாகப் படியும். நெதர்லாந்தில் பூடல் துத்தநாக ஆலையில் மாசுபட்ட நிலத்தடி நீரை 1992 முதல் இந்த வழியில்தான் சுத்தம் செய்தார்கள்.

சரி, தோல் ஆலைகளுக்கு வருவோம். அங்கே பதனிடப் பயன்படுவது குரோமியம்-3. தோல் உறிஞ்சியது போக மிஞ்சும் குரோம் நீரில் லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் இருக்கும். அதை நேராக பாக்டீரியாவிடம் அனுப்புவது அநியாயம். அந்த நீரைத் தனியாகப் பிரித்து, மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்தால் திரும்பப் பதனிடவே பயன்படுத்தலாம். பாக்டீரியாவுக்கு மிச்சம் மீதி மட்டும் போகட்டும்.

பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு சிறிய நிலையத்தில் கண்ணால் பார்த்தேன். இரவோடு இரவாக அமிலம் கலந்த முலாம் நீர், காற்று ஊதி பாக்டீரியாவை வளர்க்கும் ஏரேஷன் டேங்குக்குள் வந்துவிட்டது. காலையில் தொட்டி முழுக்க வெள்ளை நுரை, கீழே செத்த சேறு. பழையபடி பாக்டீரியா வளர மூன்று வாரம் ஆனது. அதற்குள் இரண்டு மூட்டை பவுடர் வாங்கிக் கொட்டியிருந்தார்கள். விஷ நீரை நிறுத்தாமல் புது உயிரைக் கொட்டினால் அதுவும் சாகத்தானே செய்யும்?

அப்புறம் சேறு. எனக்குப் பெரிய கவலை இதுதான். வெளியேறும் நீரில் குரோமியம்-6 லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குள், மொத்த குரோமியம் 2-க்குள் இருந்தால் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறோம். நீரில் இருந்து போனதெல்லாம் சேற்றில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை எருவென்று வயலுக்குக் கேட்கிறார்கள், செங்கல் சூளைக்குக் கேட்கிறார்கள். சுண்ணாம்பு கலந்த குரோம் சேற்றைக் காற்றுபடச் சுட்டால் குரோமியம்-3 மறுபடி குரோமியம்-6 ஆகக்கூடும். பாக்டீரியா பட்ட பாடெல்லாம் வீண். அபாயக் கழிவுக்கென்று கட்டிய பாதுகாப்பான குழிக்குத்தான் அது போக வேண்டும்.

அதனால் எங்கே போனாலும் லேப் ரிப்போர்ட்டுக்கு முன்னால் சேற்றுப் பதிவேட்டைத்தான் கேட்கிறேன். உள்ளே வந்த குரோமியம் எவ்வளவு, லாரியில் ஏறியது எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தால், எங்கே கணக்கு இடிக்கிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.