மெட்டபாலிசத்தின் மேல் பழியைப் போடுவதற்கு முன் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள்

மாதத்துக்கு நாலைந்து பேராவது இந்தக் கதையோடு என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். போன தடவை வந்தவருக்கு வயது 42, உயரம் 152 செ.மீ. 78 கிலோவில் ஆரம்பித்து இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைத்திருக்கிறார், அப்புறம் மூன்று வாரமாக எடை மெஷினில் அதே 73. "தொள்ளாயிரம் கலோரிதான் மேடம் சாப்பிடுறேன். காலையில ரெண்டு இட்லி, மதியம் ஒரு கப் சாதம், ராத்திரி ஒரு தோசை, அவ்வளவுதான். ஜிம் மாஸ்டர் என்ன சொல்றார்னா, ரொம்பக் கம்மியா சாப்பிட்டதால மெட்டபாலிசம், அதாவது உடம்பு கலோரியைச் செலவழிக்கிற வேகம், படுத்துடுச்சாம், இனிமே நிறைய சாப்பிட்டாதான் எடை இறங்குமாம்."

மாஸ்டர் சொன்னதில் கால்வாசி உண்மை. சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு செலவைக் குறைக்கும், அது நிஜம். எவ்வளவு குறைக்கும் என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் சாதாரணக் கணக்கு. சும்மா படுத்திருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல் எல்லாம் ஓடுவதற்கு ஒரு செலவு உண்டு. இவருக்கு 78 கிலோவில் அது சுமார் 1,360 கலோரி, 73 கிலோவில் 1,310. சிறிய உடம்புக்குச் சிறிய செலவு, இதில் மர்மம் எதுவும் இல்லை. இதற்கு மேல், டயட்டில் இருப்பதாலேயே பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டின் குறைகிறது, தைராய்டு ஹார்மோனில் டி3 குறைகிறது, அதனால் உடம்பு இன்னும் கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது நாளைக்கு ஐம்பது, நூறு கலோரி அளவில்தான் இருக்கும். அப்புறம் நாமே கவனிக்காத ஒன்று: பசியில் இருக்கிறவர் அசைவது குறைந்துவிடும். மாடிப்படி ஏறினவர் லிஃப்டுக்கு நிற்பார், தண்ணீர் சொம்பை எடுத்து வரப் பிள்ளையைக் கூப்பிடுவார். எல்லாம் சேர்த்தாலும், நடமாட்டத்தோடு நாளைக்கு 1,900 செலவு செய்த உடம்பு 900-க்கு இறங்கி வந்து நிற்காது. நிஜமாகவே 900 சாப்பிட்டிருந்தால் இவருக்கு மாதம் மூன்று கிலோ போயிருக்க வேண்டும்.

உடம்பை நிஜமாகவே பட்டினி போட்டுப் பார்த்த ஒரு சோதனை 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஏன்செல் கீஸ் என்பவர் போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை வைத்து, 24 வாரம், நாளைக்குச் சுமார் 1,570 கலோரி மட்டும் கொடுத்து, வாரம் 35 கிலோமீட்டர் நடக்கவும் வைத்தார். இருந்த எடையில் கால் பங்கு போனது. அவர்களுடைய அடிப்படைச் செலவு ஏறக்குறைய 40 சதவீதம் விழுந்தது, ஆனால் அதில் பெரும் பங்கு உடம்பே சுருங்கியதால். எலும்பும் தோலுமாக ஆகிற வரைக்கும் எடை இறங்கிக்கொண்டேதான் இருந்தது. பிரிட்டனில் 2017-இல் வெளியான டைரக்ட் என்ற ஆய்வில், சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவக் கண்காணிப்பில் மூன்று முதல் ஐந்து மாதம் 850 கலோரி மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் சராசரியாகப் பத்து கிலோ குறைந்திருந்தது, கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குச் சர்க்கரை மாத்திரையே தேவைப்படவில்லை. மாஸ்டர் சொன்ன மாதிரி, குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு "பட்டினி மோட்"-க்குப் போய் நிஜமாக எடையை நிறுத்தும் என்றால் இதெல்லாம் நடந்திருக்கக் கூடாது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க டிவி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்தபோது (2016-இல் வெளியானது), அவர்களுடைய ஓய்வுநேரச் செலவு அந்த உடம்புக்கு இருக்க வேண்டியதைவிட நாளைக்கு 500 கலோரி குறைவாக இருந்தது. முப்பது வாரத்தில் 58 கிலோ குறைத்தவர்கள் அவர்கள், ஐந்து கிலோ குறைத்த நம் ஆட்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

சரி, அப்படியானால் எடை ஏன் நின்றது? 1992-இல் நியூயார்க்கில், 1,200-க்கும் கீழே சாப்பிட்டும் குறையவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். மெட்டபாலிசம் நன்றாகவே இருந்தது. ஆயிரம் என்று எழுதிக்கொடுத்தவர்கள் சாப்பிட்டது சுமார் இரண்டாயிரம். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நானே ஒரு வாரம் எழுதிப் பார்த்திருக்கிறேன், தாளிப்பும் பாப்பா மிச்சம் வைத்த பிஸ்கட்டும் என் நோட்டில் ஏறவே இல்லை.

அதனால் இவரிடம் நான் மெட்டபாலிசத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய்?" என்றேன். மூன்று பேர், மூன்று லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி, அதாவது கிட்டத்தட்ட 270 கலோரி. அவர் எழுதிய அந்த "ஒரு தோசை"யில் எண்ணெய் என்ற வார்த்தையே இல்லை, இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியும் இல்லை, பொடிக்கு ஊற்றிய நல்லெண்ணெயும் இல்லை. ஆபீஸில் காபி? "அது காபிதானே மேடம்." சர்க்கரை போட்டு நாளைக்கு மூன்று.

அப்புறம் சனி ஞாயிறு. திங்கள் முதல் வெள்ளி வரை ஒழுங்காக 900 சாப்பிட்டு, இரண்டு நாள் பரோட்டா, பிரியாணி, கல்யாணம் என்று 2,600 போனால், வாரச் சராசரி சுமார் 1,385, எழுதாத எண்ணெயும் காபியும் இதற்கு மேல். முதலில் அஞ்சு நாள் காய்ந்து கிடந்ததால்தான் அந்த இரண்டு நாள் அப்படிப் போகிறது என்பதும் உண்மை.

இன்னொன்று தண்ணீர். பீரியட்ஸ் வருவதற்கு முன்னால் ஒன்றிரண்டு கிலோ ஏறுவது சாதாரணம், ஊறுகாய் அப்பளம் தின்ற மறுநாளும் ஏறும். மினசோட்டா பையன்களுக்கே கால் வீங்கியது. கொழுப்பு குறைந்துகொண்டே இருக்கும்போது தண்ணீர் அந்த இடத்தை நிரப்பி, மெஷின் முள்ளை அதே இடத்தில் பிடித்து வைக்கும்; மூன்று வாரம் என்பது தீர்ப்பு சொல்ல ரொம்பச் சின்ன அவகாசம்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளையிலிருந்து 800-க்கு இறங்க வேண்டாம். மிகக் குறைவாகச் சாப்பிட்டால் தசை கரையும், முடி கொட்டும், மாதவிடாய் தப்பும், வேகமாகக் குறைத்தவர்களுக்குப் பித்தப்பையில் கல் வருவதை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் தாங்களாகவே குறைத்தால் மயங்கி விழலாம். இதெல்லாம் போதுமான காரணங்கள், இதற்கு மேல் மெட்டபாலிசம் செத்துவிடும் என்று பயமுறுத்தத் தேவையில்லை.

அவருக்கு வாரம் முழுக்க ஒரே அளவாக 1,350 வைத்தேன். காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் சுண்டல், மதியம் சாதத்தைக் குறைத்து மீன் அல்லது பருப்பு. எண்ணெயை ஸ்பூனில் அளந்து ஊற்றச் சொன்னேன், மூன்று பேருக்கும் சேர்த்து மாதம் ஒன்றரை லிட்டர். எடையைத் தினமும் பார்த்துக்கொள்ளட்டும், ஆனால் போன பீரியட்ஸ் முடிந்த மறுநாள் எடையோடு இந்த முறை முடிந்த மறுநாள் எடையை மட்டும் ஒப்பிடச் சொன்னேன்.

ஐந்து வாரம் கழித்து 71.2. "மெட்டபாலிசம் எழுந்துடுச்சு போல" என்று அவரே சிரித்தார். வீட்டில் அவருடைய கணவருக்குத்தான் மனத்தாங்கல், தோசை கல்லில் ஒட்டுகிறதாம்.