யுஎஸ்பி வைஃபை அடாப்டர்: செருகியதும் உள்ளே என்ன நடக்கிறது?

அடாப்டரைச் செருகிய சில நொடிகளில் சுற்றுவட்டாரத்து வைஃபை பெயர்கள் எல்லாம் திரையில் வரிசையாக வந்துவிட்டால், அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை. வராதபோதுதான் அந்தச் சில நொடிகளுக்குள் எத்தனை வேலைகள் நடந்திருக்க வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. விரல் அளவுள்ள அந்தக் கருவிக்குள் ஒரு ரேடியோவும் ஒரு சிறு செயலியும் கொஞ்சம் நினைவகமும் ஓர் ஆன்டெனாவும் இருக்கின்றன. அதன் ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் காற்று. கோளாறு இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இணைப்பு தடுமாறினால் எல்லோரும் முதலில் ரவுட்டரைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் பல நேரங்களில் கோளாறு யுஎஸ்பி பக்கத்தில்தான் இருக்கும்.

செருகியவுடன் போர்ட்டிலிருந்து 5 வோல்ட் மின்சாரம் அடாப்டருக்குப் போகிறது. கணினி அது யார் என்று விசாரிக்கிறது. அடாப்டர் இரண்டு எண்களைப் பதிலாகத் தருகிறது: ஒன்று தயாரிப்பாளர் எண், மற்றது பொருள் எண். இரண்டும் பதினறும முறையில் (0 முதல் 9 வரையும், ஏ முதல் எஃப் வரையும் வரும் எழுத்துமுறை) நான்கு இலக்கம் கொண்டவை. முதல் எண் 2357 என்றால் டிபி-லிங்க், 0பிடிஏ என்றால் ரியல்டெக், 0இ8டி என்றால் மீடியாடெக். எந்த டிரைவரை, அதாவது கருவியை இயக்கும் மென்பொருளை, ஏற்றுவது என்று இயங்குதளம் முடிவு செய்வது இந்த எண்களை வைத்துத்தான். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயர் அதற்குத் தெரியவே தெரியாது.

டிரைவர் ஏறியதும் இன்னொரு வேலை நடக்கிறது. பல வைஃபை சிப்புகள் தமக்கு வேண்டிய நிரலைத் தம்முள் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. ஃபர்ம்வேர் என்ற அந்த நிரலைக் கணினிதான் ஒவ்வொரு முறையும் யுஎஸ்பி வழியாக அடாப்டரின் நினைவகத்துக்குள் அனுப்புகிறது. அடாப்டரைக் கழற்றினால் அது அழிந்துபோகும். லினக்ஸில் அடிக்கடி குழப்பும் ஒரு நிலைக்கு இதுதான் காரணம்: அடாப்டர் பட்டியலில் தெரியும், டிரைவரும் ஏறியிருக்கும், வைஃபை மட்டும் வராது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதிவைக்கும் பதிவைத் திறந்து பார்த்தால் ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை, பிழை -2 என்று இருக்கும். -2 என்றால் அந்தக் கோப்பு இல்லை என்று பொருள். ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவிவிட்டு, அடாப்டரைக் கழற்றி மறுபடி செருகினால் சரியாகிவிடும்.

வேறு சில அடாப்டர்கள் முதலில் சிடி டிரைவ் வேடத்தில் வருகின்றன. விண்டோஸுக்கான டிரைவர் அந்தச் சிறிய டிரைவுக்குள்ளேயே இருக்கும். அதை நிறுவியதும் அடாப்டர் வேடத்தைக் கலைத்துவிட்டு, வைஃபை கருவியாக மறுபடி அறிமுகமாகும். லினக்ஸில் இது தானாக நடக்காவிட்டால் அந்த டிரைவை இஜெக்ட் செய்து பாருங்கள், அல்லது யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரலை நிறுவுங்கள். புது அடாப்டர் பென் டிரைவ் போலவோ சிடி போலவோ தெரிகிறது என்பதற்காக அது பழுது என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

மாடல் எண்ணைவிட உள்ளே இருக்கும் சிப்தான் முக்கியம். டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் முதல் பதிப்பில் இருந்தது ஏதெரோஸ் ஏஆர்9271 சிப். இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சிப்புக்கு மாறியது. பெயர் மாறவில்லை, ஆனால் டிரைவர் முற்றிலும் வேறு. எனவே அடாப்டரின் பின்புற ஸ்டிக்கரில் 'வெர்' என்பதற்குப் பக்கத்தில் உள்ள பதிப்பு எண்ணைப் பார்த்து, அதே பதிப்புக்கான டிரைவரையே எடுக்க வேண்டும்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் கெர்னலுக்குள்ளேயே டிரைவர் உள்ள சிப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மீடியாடெக் எம்டி7612யு சிப்புக்கு 4.19 கெர்னலிலிருந்தும், வைஃபை 6 தரும் எம்டி7921ஏயு சிப்புக்கு 5.18இலிருந்தும் அந்த வசதி இருக்கிறது. வெளியிலிருந்து டிரைவரின் மூலநிரலை எடுத்துக் கம்பைல் செய்தால் (இயங்கும் வடிவுக்கு மாற்றினால்), கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அது வேலை செய்யாமல் போகும். டிகேஎம்எஸ் என்ற நிரல் வழியாக நிறுவினால் ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் டிரைவர் தானாக மறுபடி கம்பைல் ஆகும். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயங்கும் கணினியில் டிஜிட்டல் கையொப்பமில்லாத டிரைவர் ஏறாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பெட்டியில் உள்ள ஏசி1200 போன்ற எண்கள் பலரை ஏமாற்றிவிடுகின்றன. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு 300 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 867 மெகாபிட் என்ற இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண். இந்த வகை அடாப்டர் ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில்தான் இருக்கும், ஆகவே 1200 ஒருபோதும் கிடைக்காது. 867 என்பதும் காற்றில் ஓடும் வேகம்தான். தரவு வந்து சேர்ந்ததைச் சொல்லும் ஒப்புகைச் செய்திகளும், சேனல் (அலைவரிசையின் ஒரு பகுதி) காலியாகும்வரை காத்திருப்பதும் அதில் பெரும் பங்கை விழுங்கிவிடும். கோப்பு உண்மையில் நகரும் வேகம் அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் கம்பியின் உச்சமே 480 மெகாபிட், அதிலும் பயன்படுவது சுமார் 300. இணைய இணைப்பே 100 மெகாபிட் என்றால் இது ஒரு குறையில்லை. அதற்கு மேல் என்றால் யுஎஸ்பி 3.0 அடாப்டரும் யுஎஸ்பி 3.0 போர்ட்டும் வேண்டும். யுஎஸ்பி 3.0 பிளக்கில் கூடுதல் ஐந்து முனைகள் உள்ளே தள்ளி இருப்பதால், மெல்ல நுழைத்தால் பழைய நான்கு முனைகள் முதலில் தொட்டு, கணினி அதை யுஎஸ்பி 2.0 என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். ஒரே அழுத்தில் முழுதாகச் செருகுங்கள்.

யுஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல்

யுஎஸ்பி 3.0 கம்பியில் தரவு நொடிக்கு 500 கோடி பிட் வேகத்தில் ஓடுகிறது. அந்த மின்துடிப்புகள் ஒரே அதிர்வெண்ணில் நிற்காமல் பரந்த வீச்சில் ரேடியோ இரைச்சலை எழுப்புகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சரியாக அந்த வீச்சுக்குள் விழுகிறது. 2012இல் இன்டெல் வெளியிட்ட ஒரு தொழில்நுட்ப அறிக்கையே இதை விளக்குகிறது. அதே அதிர்வெண்ணில் இருக்கும் இரைச்சலை வடிகட்டி நீக்க வழியில்லை. வெளிப்புற ஹார்ட் டிஸ்கைப் பக்கத்துப் போர்ட்டில் செருகி நகல் எடுக்கத் தொடங்கியதும் வைஃபை தடுமாறுகிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான்.

இதற்கு மிக எளிய மருந்து ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள். அடாப்டர் போர்ட்டுகளின் இரைச்சலிலிருந்தும், டெஸ்க்டாப்பின் இரும்புப் பெட்டிக்குப் பின்னாலிருந்தும் வெளியே வந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், அதற்குரிய கால் அலை ஆன்டெனாவுக்கு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் வேண்டும். போர்ட்டுக்கு வெளியே நகக்கண் அளவே நீட்டியிருக்கும் நானோ அடாப்டரில் அதைச் சுருக்கி மடக்கித்தான் வைக்கிறார்கள். உலோகத்தை ஒட்டி இருந்தால் அது மேலும் சோர்ந்துவிடும். ரவுட்டர் வேறு அறையில் இருந்தால் நானோவைத் தவிர்ப்பதே நல்லது. வெளி ஆன்டெனா உள்ள அடாப்டர் என்றால் அதை நிமிர்த்தி வையுங்கள். குச்சியின் நுனியை ரவுட்டரை நோக்கி நீட்டக் கூடாது, ஏனென்றால் அலை குச்சியின் பக்கவாட்டில்தான் பரவுகிறது, நுனித் திசையில் கிட்டத்தட்ட எதுவும் போவதில்லை.

விண்டோஸில் அமைக்கும் வரிசை

டிரைவர் இல்லாமல் இணையம் இல்லை, இணையம் இல்லாமல் டிரைவர் இல்லை என்ற முட்டுக்கட்டை வந்தால், ஃபோனை யுஎஸ்பி கேபிளால் கணினியுடன் இணைத்து, ஃபோனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங்கை இயக்குங்கள். பிறகு ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் முக்கோணத்தோடு ஏதாவது இருந்தால் அதன் ப்ராப்பர்டீஸைப் பாருங்கள். கோட் 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. கோட் 10 என்றால் கருவியைத் தொடங்க முடியவில்லை, பெரும்பாலும் பொருந்தாத டிரைவர். கோட் 43 என்றால் கருவியே கோளாறு என்று அறிவித்திருக்கிறது, முதலில் போர்ட்டையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். எந்த டிரைவர் வேண்டும் என்று தெரியாவிட்டால் டீட்டெயில்ஸ் பகுதியில் ஹார்ட்வேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே சொன்ன இரண்டு எண்களும் அங்கே இருக்கும்.

தவறான டிரைவர் ஏறிவிட்டால் அதன்மேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டே போகாதீர்கள். அன்இன்ஸ்டால் கொடுத்து, டிரைவரையும் நீக்கும் பெட்டியில் டிக் செய்து, அடாப்டரைக் கழற்றி, கணினியை மறுதொடக்கம் செய்து, சரியான டிரைவரை நிறுவி, கடைசியில் செருகுங்கள். லேப்டாப்பில் ஏற்கெனவே வைஃபை இருந்தால் அதை டிசேபிள் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே ரவுட்டரில் இணைந்து, தரவு எதன் வழியாகப் போகிறது என்பதே தெரியாமல் போகும். அடாப்டர் ப்ராப்பர்டீஸின் அட்வான்ஸ்டு பகுதியில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு முன்னுரிமை கொடுக்கும் அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ரவுட்டரின் பெயர் மட்டும் பட்டியலில் வரவில்லையா? அடாப்டருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வசதியே இல்லாமல் இருக்கலாம், அல்லது ரவுட்டர் 12, 13ஆம் சேனலில் இருக்கலாம். எல்லா நாடுகளிலும் இந்தச் சேனல்களுக்கு ஒரே விதி இல்லாததால் சில அடாப்டர்கள் அவற்றைத் தேடுவதே இல்லை. ரவுட்டரை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். ஒன்றோடொன்று மோதாத மூன்று சேனல்களும் இவைதான். 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேண்டுமென்றால் விண்டோஸ் 11 தேவை, விண்டோஸ் 10இல் அது கிடைக்காது.

பெயர் தெரிந்தும், கடவுச்சொல் சரியாக இருந்தும் இணையவில்லை என்றால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறை பழைய அடாப்டர்கள் பலவற்றுக்குப் புரியாது. ரவுட்டரில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் சேர்ந்த கலப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும். பாதுகாப்பையே நீக்கிச் சோதிக்கத் தேவையில்லை. இணைந்தபின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி தராததால் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். முகவரியைக் கையால் எழுதி வைத்திருந்தால் தானியங்கி முறைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் துண்டித்து மறுபடி இணையுங்கள்.

நடுவே அறுந்துபோனால்

விண்டோஸ் காட்டும் சிக்னல் சதவீதத்தைப் பாதியாக்கி 100ஐக் கழித்தால் டெசிபல் கணக்கு வரும். 100 சதவீதம் என்றால் -50, 66 சதவீதம் என்றால் -67. வீடியோ அழைப்பு தடையில்லாமல் ஓட -67 அல்லது அதைவிட நல்ல சிக்னல் வேண்டும். -80க்குக் கீழே போனால் இணைப்பு நிற்பதே கடினம். 10 டெசிபல் குறைந்தால் வந்துசேரும் ஆற்றல் பத்தில் ஒன்றாகிவிடும், அதனால் அடாப்டரை ஒரு முழம் நகர்த்துவதுகூடப் பெரிய மாற்றத்தைத் தரலாம்.

சிக்னல் நன்றாக இருந்தும் அறுந்தால், அறுகிற நொடியில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கருவியைக் கழற்றும்போது விண்டோஸ் எழுப்பும் ஒலி வந்தால், அடாப்டரே யுஎஸ்பியிலிருந்து விழுந்து எழுகிறது. ஒலி இல்லாமல் வைஃபை மட்டும் போனால் காற்றுப் பக்கத்தைப் பாருங்கள். லினக்ஸில் இதே விவரம் கெர்னல் பதிவில் இருக்கும்.

யுஎஸ்பியிலிருந்து விழுவதற்கு முதல் காரணம் மின்சாரம். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர் வரை, யுஎஸ்பி 3.0 போர்ட் 900 வரை தரும். அடாப்டர் தரவைப் பெறும்போதைவிட அனுப்பும்போது அதிக மின்சாரம் இழுக்கும். டவுன்லோடு நன்றாக ஓடி, பெரிய கோப்பை அப்லோடு செய்யும்போது மட்டும் அறுந்தால் மின்சாரப் பற்றாக்குறையைச் சந்தேகியுங்கள். தனி மின்சாரம் இல்லாத ஹப்பிலிருந்து (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) எடுத்து, கணினியின் பின்புறப் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். நீட்டிப்புக் கேபிள் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தாலும் இதே தொல்லை வரும்.

சும்மா விட்டு வந்தபின் அறுந்திருந்தால் காரணம் மின்சேமிப்பு. அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில், சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவியை உறங்கவைக்கும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் டிசேபிள் செய்யுங்கள்.

ஒலியும் வராமல், சிக்னலும் குறையாமல், பக்கங்கள் மட்டும் திறக்கத் தாமதமானால் ரவுட்டரின் முகவரிக்குத் தொடர்ந்து பிங் (பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் சிறு செய்தி) அனுப்பிப் பாருங்கள். பதில்கள் சில மில்லிநொடிகளில் சீராக வந்தால் அடாப்டர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, கோளாறு ரவுட்டருக்கு அப்பால். 3, 4 என்று வந்துகொண்டிருந்தது திடீரென 400, 900 என்று தாவினால் சேனலை மாற்றுங்கள், அல்லது அடாப்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோய் மறுபடி அதே பிங்கை ஓடவிடுங்கள்.