செண்டுமல்லியும் காலண்டுலாவும் ஒன்றல்ல

ஒரே மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். இனியும் எழுதாமல் இருப்பது சரியில்லை.

55 வயது அம்மா, 15 வருடமாகச் சர்க்கரை. கால் பெருவிரலுக்கு அடியில் செருப்பு கடித்த சின்னப் புண் என்று வந்தார். கட்டைப் பிரித்தால் புண்ணே தெரியவில்லை. அரைத்துப் பூசிய செண்டுமல்லி காய்ந்து, ஆரஞ்சு நிற ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. சலைன் ஊற்றி ஊற்றி ஊறவைத்து, சின்ன இடுக்கியால் இதழ் இதழாக எடுத்து முடிக்க 20 நிமிடம் ஆனது. அடியில் சீழ். "வலியே இல்லை டாக்டரம்மா, ஆறிட்டு வருதுன்னு நெனச்சேன்" என்றார். வலிக்காததுதான் அங்கே ஆபத்தே. சர்க்கரையால் உணர்வு மரத்துப்போன கால் அது.

"பூதானே டாக்டர், என்ன செஞ்சிடப் போகுது?" என்று மகன் ஒரு வீடியோவைக் காட்டினார். செண்டுமல்லியை ஆங்கிலத்தில் மேரிகோல்டு என்பார்கள். மேரிகோல்டு புண்ணை ஆற்றும் என்கிறது வீடியோ. அது முழுப் பொய் இல்லை. ஆனால் அது வேறொரு பூவைப் பற்றிய செய்தி.

மேரிகோல்டு என்ற ஒரே ஆங்கிலப் பெயரைப் பல செடிகள் சுமக்கின்றன. ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காகக் காயத்துக்குப் பூசிவந்தது காலண்டுலா அஃபிசினாலிஸ் என்ற செடி. மத்தியதரைக் கடல் பக்கத்துப் பூ. அஃபிசினாலிஸ் என்றால் மருந்துக் கூடத்தில் வைத்துப் புழங்கியது என்று பொருள். 12ஆம் நூற்றாண்டு ஜெர்மானியத் துறவி ஹில்டகார்டின் மருத்துவக் குறிப்புகளிலேயே அது இருக்கிறது. உலர்த்திய இதழைக் குங்குமப்பூவுக்குப் பதிலாக நிறத்துக்குச் சேர்த்ததும் உண்டு. ஆங்கிலேயர்கள் மேரிகோல்டு என்று முதலில் கூப்பிட்டது இதைத்தான்.

நாம் செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி என்று சொல்வது டாஜெடஸ் எரெக்டா. பிறந்த மண் மெக்சிகோ. அங்கே நவாட்டில் மொழியில் அதன் பெயருக்கு 'இருபது பூ' என்று பொருள். அடுக்கடுக்கான இதழைப் பார்த்து வைத்த பெயர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோனபோது, நிறம் ஒத்துப்போனதால் பழைய பூவின் பெயர் புதுப் பூவுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆப்பிரிக்கன் மேரிகோல்டு, ஃபிரெஞ்சு மேரிகோல்டு என்கிறார்களே, இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துச் செடிகள்தான். 1753லேயே, செடிகளை வகைப்படுத்திப் பெயர் வைத்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் காலண்டுலாவையும் டாஜெடஸையும் தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்து வைத்துவிட்டார். நாம் இன்னும் பெயரைப் பார்த்து ஏமாறுகிறோம்.

இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அரிப்பு தரும் பார்த்தீனியக் களைச்செடியும் அதே குடும்பம்தான். அதை யாராவது புண்ணில் வைப்போமா? மார்ஷ் மேரிகோல்டு என்று இன்னொன்று இருக்கிறது. அதற்குக் குடும்பமே வேறு, பச்சைச் சாறு தோலில் பட்டாலே கொப்புளம் வரும். அதற்கும் பெயர் மேரிகோல்டுதான்!

அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பூவை விடுங்கள், இலையைப் பாருங்கள். செண்டுமல்லி இலை இறகு மாதிரி பிளவுபட்டிருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும், கசக்கினால் நெடி மூக்கில் ஏறும். காலண்டுலா இலை பிளவில்லாமல் நீளவாட்டில், லேசான ரோமத்தோடு, தொட்டால் சற்றுப் பிசுபிசுப்பாக இருக்கும். விதையும் வேறு. செண்டுமல்லி விதை நேரான கறுப்பு ஊசி, காலண்டுலா விதை வளைந்த நகம்.

செண்டுமல்லிக்கு மருத்துவ வரலாறே இல்லை என்று நான் சொல்லவில்லை. மெக்சிகோவில் வயிற்றுவலிக்கும் குடல்புழுவுக்கும் அதைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மரபை மதிக்கிறேன். ஆனால் திறந்த புண்ணில் அப்புவது வேறு விஷயம். இந்தச் செடியின் வேரில் நூற்புழுக்களைக் கொல்லும் தயோஃபீன் வகைப் பொருள்கள் இருக்கின்றன; பயிருக்கு இடையில் இதை நடுபவர்களுக்கு அது தெரியும். பூவிலும் இலையிலும்கூட இவை உண்டு. தோலில் பட்டு வெயிலும் பட்டால் எரிச்சல், சிவப்பு, அப்புறம் மாதக்கணக்கில் போகாத கறுப்பு. முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போன ஒரு பெண் இப்போதும் என்னிடம் வந்துகொண்டிருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் கொண்டுவந்த விதியில் அழகுப் பொருள்களில் டாஜெடஸ் எரெக்டா பூவின் சாறும் எண்ணெயும் கூடாது என்று தடுத்ததே இந்தக் காரணத்தால்தான்.

கண் மாத்திரையில் வரும் லூட்டீன் செண்டுமல்லியிலிருந்து எடுப்பது என்பது உண்மை. அது ஆலையில் பிரித்துச் சுத்திகரித்த பொருள். அதற்காகப் பூவைக் கொதிக்கவைத்துக் கண்ணில் விடாதீர்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

சரி, காலண்டுலா? அதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்த 254 பேரிடம் பிரான்சில் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. ஒப்பிட்ட மருந்து பூசியவர்களில் 63 சதவீதம் பேருக்கு நடுத்தர அல்லது அதைவிடக் கடுமையான தோல் அழற்சி வந்தது, காலண்டுலா களிம்பு பூசியவர்களில் 41 சதவீதம் பேருக்கு. ஆனால் அது அளவு பார்த்துத் தயாரித்த களிம்பு. அம்மியில் அரைத்த பூ இல்லை.

களிம்பு வாங்கினால் உறையில் காலண்டுலா அஃபிசினாலிஸ் என்று இருக்கிறதா பாருங்கள். சிராய்ப்பு, லேசான வெயில் எரிச்சல், அதோடு நிறுத்துங்கள். ஆழமான புண், சீழ் வைத்த புண், சர்க்கரைக்காரர் கால் புண், எதிலும் வேண்டாம். பார்த்தீனியமோ சாமந்தியோ பட்டால் அரிப்பவர்கள் இதையும் தொடாதீர்கள். என் அனுபவத்தில் அவர்கள்தான் முதலில் வீங்கி வருகிறார்கள். மற்றவர்களும் முன்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பொறுங்கள். கர்ப்பிணிகள் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். அலங்காரத்துக்கு வளர்த்த பூவில் பூச்சிமருந்து இருக்கும். அதை எதற்குமே அரைக்காதீர்கள்.

ஏற்கெனவே பூசிவிட்டீர்களா? பரவாயில்லை, திட்டுவேன் என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். ஒட்டிப்போன பூவை வீட்டிலேயே பிய்த்து எடுக்கவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு இன்றைக்கே மருத்துவரிடம் வாருங்கள். ஊறவைத்து நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.