குடியரசுத் தலைவரா, அதிபரா, ஜனாதிபதியா?

புதுச்சேரியில் ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில்கூட, இரண்டு நாடுகளின் 'பிரெசிடெண்ட்' பற்றிப் பேச்சு நடக்கும். 1962 ஆகஸ்ட் 16 அன்று பிரெஞ்சிந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்களின் வழிவந்தோர், பிரான்சு நாட்டின் தலைமைப் பதவிக்கான தேர்தலில் இன்றும் இங்கிருந்தபடியே வாக்களிக்கிறார்கள். அண்டை வீட்டு இந்தியக் குடிமகனுக்கோ தில்லியில் இருக்கும் தலைவரைத் தேர்ந்தெடுக்க நேரடி வாக்கு இல்லை. அவர் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கே அது உண்டு. சட்டமன்ற உறுப்பினருக்கான உரிமைகூட 1992ஆம் ஆண்டின் 70ஆவது அரசமைப்புத் திருத்தத்தால்தான் புதுச்சேரிக்கு வந்தது. இவ்வளவு வேறுபட்ட இரண்டு பதவிகளையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கிறது. தமிழிலும் அவ்வாறு ஒரே சொல்லால் குறிப்பது பொருளைக் குழப்பும் என்றே நான் கருதுகிறேன்.

இலத்தீன் மொழியில் 'ப்ரே' என்பது முன் என்றும் 'செதேரே' என்பது அமர்தல் என்றும் பொருள்படும். இரண்டும் கூடிப் பிறந்த வினைக்கு அவையின் முன் அமர்ந்து அதை நடத்துதல் என்பது பொருள். எனவே இச்சொல்லின் வேரில் முன்னிருத்தல் உண்டு, ஆளுதல் இல்லை. மன்றங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தலைமை தாங்கியவரைச் சுட்டி வந்த இந்த எளிய சொல், 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பின் வழியாகத்தான் ஒரு நாட்டின் ஆட்சியையே கையில் வைத்திருப்பவரின் பெயராக உயர்ந்தது.

தமிழில் முதலில் பரவலாக வழங்கியது 'ஜனாதிபதி'. ஜனம், அதிபதி என்ற இரு வடசொற்களின் சேர்க்கை இது; மக்களுக்கு அதிபதி என விரியும். இந்தியில் வழங்கும் 'ராஷ்டிரபதி'யும் இந்த வகையே. விடுதலைக்கு முன் காங்கிரஸ் கட்சியின் தலைவரையே அப்பெயரால் அழைத்தார்கள் என்பது இன்று பலருக்கும் மறந்துபோன செய்தி. 'பதி' என்ற சொல்லில் உடையவன் என்னும் பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'அதிபர்' என்பதிலும் அந்த மணம் உண்டு. ஆலை அதிபர், பத்திரிகை அதிபர் என்று நாம் சொல்வது உரிமையாளரைத்தானே! இலங்கைத் தமிழர் 'ஜனாதிபதி' என்றே எழுதுகிறார்கள். 1978ஆம் ஆண்டின் அரசமைப்பு அந்தப் பதவிக்கு அளித்த பேரதிகாரத்தைப் பார்க்கும்போது, அங்கே அச்சொல் பொருந்தவே செய்கிறது.

இந்திய அரசமைப்பின் தமிழ் வடிவம் 'குடியரசுத் தலைவர்' என்கிறது. 'குடியரசு' அரசு அலுவலகங்களில் புதிதாக ஆக்கப்பட்ட சொல் அன்று. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், ருஷ்யப் புரட்சியைப் பாடிய பாட்டில் அதை எடுத்தாண்டிருக்கிறார். 1925இல் பெரியார் தம் இதழுக்கு அதையே பெயராக இட்டார். 'தலைவர்' என்பதன் அடி தலை. தலை என்பது முதன்மையான இடத்தைச் சுட்டுமே தவிர உடைமையைச் சுட்டாது. முன் அமர்பவர் என்ற இலத்தீன் பொருளுக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. (இரு சொற்களுக்கும் இடையில் 'த்' வர வேண்டும். குடியரசினது தலைவர் என விரியும் வேற்றுமைத் தொகை இது. அந்த ஒற்றை விட்டுவிடும் வழக்கம் பெருகிவருவது வருத்தம் தருகிறது.)

அதிகாரத்தின் அளவைப் பார்த்தால் சொல்லின் பொருத்தம் இன்னும் விளங்கும். ஒன்றியத்தின் ஆட்சி அதிகாரம் குடியரசுத் தலைவரிடமே உள்ளது என்று அரசமைப்பின் 53ஆவது உறுப்பு (பிரிவு) சொல்கிறது. அதை மட்டும் படிப்பவர் அவரை அதிபர் என்றே எண்ணிவிடுவார். ஆனால் அமைச்சரவையின் அறிவுரைப்படியே அவர் செயல்பட வேண்டும் என 74ஆவது உறுப்பு கட்டுப்படுத்துகிறது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் இதை ஐயத்துக்கு இடமின்றி எழுதியது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்துக்குப் பின், ஓர் அறிவுரையை மறுபரிசீலனை செய்யுமாறு அவர் திருப்பி அனுப்பலாம். அது மீண்டும் வந்தால் ஏற்றே ஆக வேண்டும். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்ட முன்வரைவுகளில், பண முன்வரைவும் அரசமைப்புத் திருத்த முன்வரைவும் நீங்கலாக மற்றவற்றையும் இவ்வாறு ஒருமுறை திருப்பலாம். ஒப்புதல் அளிக்க அவருக்குக் காலவரம்பு விதிக்கப்படவில்லை. 1986இல் நிறைவேறிய அஞ்சல் சட்டத் திருத்த முன்வரைவுக்கு அன்றைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதலும் தரவில்லை, அதைத் திருப்பி அனுப்பவும் இல்லை. அரசமைப்பை மீறும் குடியரசுத் தலைவரை, ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினரின் வாக்கால் பதவி நீக்கலாம்.

பிரான்சில் நிலைமை வேறு. 1958ஆம் ஆண்டின் அரசமைப்பின்படி அந்நாட்டுத் தலைவரே அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். தேசிய மன்றத்தைத் தாமே முடிவெடுத்துக் கலைக்கவும் அவரால் முடியும். 2024 ஜூனில் மக்ரோன் அதைச் செய்தார். நம் குடியரசுத் தலைவரோ அமைச்சரவையில் அமர்வதே இல்லை. ஆகவே பிரான்சு, அமெரிக்க நாடுகளின் தலைவர்களை அதிபர் என்றும், நம்மவரைக் குடியரசுத் தலைவர் என்றும் எழுதுவதே முறை.

புதுச்சேரியில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு கனமும் உண்டு. யூனியன் பிரதேசங்களைக் குடியரசுத் தலைவரே, தாம் அமர்த்தும் நிர்வாகி வழியாக ஆள்கிறார் என்கிறது 239ஆவது உறுப்பு. அந்த நிர்வாகிதான் துணைநிலை ஆளுநர். 'லெப்டினன்ட்' என்பது பிரெஞ்சுச் சொல்; ஒருவரின் இடத்தைத் தாங்கி நிற்பவர் என்பது அதன் நேர்ப்பொருள். 'துணைநிலை' என்றதும் மேலே ஓர் ஆளுநர் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அவர் தாங்கி நிற்பது குடியரசுத் தலைவரின் இடத்தை. துணைநிலை ஆளுநருக்கும் புதுச்சேரி அமைச்சரவைக்கும் கருத்து வேறுபட்டால், 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டப்படி அது குடியரசுத் தலைவரின் முடிவுக்குப் போகிறது. அந்த முடிவோ மத்திய அமைச்சரவையின் அறிவுரைக்கு உட்பட்டது. 2021 பிப்ரவரியில் இங்கே ஆட்சி கவிழ்ந்த பிறகு நடந்ததைக் 'குடியரசுத் தலைவர் ஆட்சி' என்று எல்லோரும் எழுதினோம். அது அரசமைப்பில் இல்லாத, வழக்கில் உருவான தொடர். 'மத்திய அரசின் நேரடி ஆட்சி' என்று எழுதியிருந்தால் யார் ஆண்டார்கள் என்பது படிப்பவருக்குச் சரியாகப் புரிந்திருக்கும்.