நவுன் என்றால் பெயர்ச்சொல், வகைகள்தாம் ஒத்துப்போகாது

'நவுன்' என்ற சொல்லின் வேர் லத்தீன் 'நோமென்'. அதற்குப் 'பெயர்' என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வடமொழி 'நாமம்' லத்தீனிலிருந்து வந்ததன்று; இரண்டும் ஒரே பழைய இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. எனவே 'பெயர்ச்சொல்' வேர்ப்பொருள்வரை பொருந்தும் நிகர்ச்சொல். புதிதாக ஆக்கியதும் அன்று: தொல்காப்பியமே சொற்களை முதலில் பெயர், வினை என்றுதான் பிரிக்கிறது.

சிக்கல் வகைகளில் வருகிறது. நன்னூலின் ஆறு வகையை (பொருள், இடம், காலம், சினை, பண்பு, தொழில்) ஆங்கிலத்தின்மேல் அப்படியே ஏற்றக் கூடாது. 'மெட்டீரியல் நவுன்' நம் பொருட்பெயர் அல்ல. பொருட்பெயரில் மனிதன், மரம், நாற்காலி எல்லாம் அடங்கும். மெட்டீரியலில் தங்கம், நீர், பஞ்சு போன்றவை மட்டுமே. 'மூலப்பொருட்பெயர்' என்றால் குழப்பமில்லை. 'அப்ஸ்ட்ராக்ட் நவுன்' என்பதைப் பண்புப்பெயர் என்பதும் பாதிதான் சரி. 'ஹானஸ்டி' (நேர்மை) பண்புப்பெயர், 'மூவ்மென்ட்' (அசைவு) தொழிற்பெயர். ஆங்கிலம் இரண்டையும் ஒரே வகையில் வைக்கிறது. 'கருத்துப்பெயர்' இரண்டுக்கும் இடம் தரும்.

'ப்ராப்பர் நவுன்' என்பதில் உள்ள 'ப்ராப்பர்' சரியானது என்ற பொருளில் வரவில்லை. லத்தீனில் 'தனக்கே உரிய'. ஆகவே சிறப்புப்பெயர். வாக்கியத்தில் எங்கே வந்தாலும் முதலெழுத்து பெரிய எழுத்து. 'காமன்' பொதுப்பெயர், 'கலெக்டிவ்' தொகுதிப்பெயர்.

தமிழர்க்கு உண்மையில் கைகொடுக்கும் பிரிவு வேறொன்று: 'கவுன்டபிள்', 'அன்கவுன்டபிள்', அதாவது எண்ணும் பெயர், எண்ணாப் பெயர். தகவல்கள், அறிவுரைகள் என்று நாம் தாராளமாகச் சொல்வதால் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். மூன்றும் பிழை. இவை எண்ணாப் பெயர்கள். 'எஸ்' சேராது, முன்னால் 'ஆன்', 'எ' வராது, 'மெனி' வராது, 'மச்' வரும். எண்ண வேண்டுமானால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்'. 'நியூஸ்' இறுதியில் 'எஸ்' இருந்தாலும் ஒருமை: 'தி நியூஸ் இஸ் குட்'.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. அஃறிணையில் 'பத்து புத்தகம்' என்றாலே நமக்குப் போதும். அந்தப் பழக்கத்தில் 'டென் புக்' என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் 'டென் புக்ஸ்' தான்.

ஒரே சொல் இரு பக்கமும் நிற்கலாம். 'க்ளாஸ்' என்றால் கண்ணாடி, எண்ணாப் பெயர். 'எ க்ளாஸ்' என்றால் குடிக்கும் குவளை, எண்ணும் பெயர். 'பேப்பர்' தாள், 'எ பேப்பர்' செய்தித்தாள் அல்லது ஆய்வுக்கட்டுரை. அகராதியில் சொல்லைத் தேடும்போது அதன் பக்கத்தில் உள்ள 'சி', 'யு' குறிகளையும் பாருங்கள்: 'சி' எண்ணும் பெயர், 'யு' எண்ணாப் பெயர். இரண்டும் இருந்தால் பொருளுக்குப் பொருள் மாறுகிறது என்று அறியலாம்.